சுங்கம் தவிர்த்த சோழனும் விக்கிரவாண்டி டோல்கேட்டும்

முதலாம் குலோத்துங்கனுக்கு (கி.பி. 1070–1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவன் ஆண்ட நாட்டின் ஊடே இன்று சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்கள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாகச் சுங்கம் கட்டுகிறார்கள். இந்தப் பணம் யாருக்குப் போகிறது?

சுதந்திரத்துக்குப் பின் நெடுநாள் வரை தேசிய நெடுஞ்சாலை என்றால் அரசுப் பணம்தான். 1956-ம் வருட நெடுஞ்சாலைச் சட்டம் 1995-ல் திருத்தப்பட்ட பிறகுதான் தனியார் முதல் போட்டு, பிறகு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. 1998-ல் பெட்ரோலுக்கும் 1999-ல் டீசலுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் சாலை வரி வந்தது. ஆக, டோல்கேட்டுக்கு வரும் முன்பே பெட்ரோல் பங்கில் ஒரு பங்கு கட்டியாகிவிடுகிறது.

இந்தச் சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே ஒரு கணக்கு, தெற்கே வேறு கணக்கு.

வடக்கே தாம்பரம்–திண்டிவனம், 93 கி.மீ. 2002-ல் தொடங்கிய ஒப்பந்தம், பதினேழரை ஆண்டு. இது 'ஆன்யுட்டி' முறை. ஜி.எம்.ஆர். நிறுவனம் சாலை போட்டது. அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை கொடுத்தது. வண்டி குறைந்தாலும் கூடினாலும் தவணை மாறாது. டோல் வசூல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. நஷ்டம் வந்தாலும் அதற்கே.

தெற்கே திண்டிவனம்–உளுந்தூர்பேட்டை, சுமார் 73 கி.மீ., விழுப்புரம் வழியாக. இங்கும் அதே ஜி.எம்.ஆர்.தான், ஆனால் 2006 முதல் 20 ஆண்டுக்கு 'பி.ஓ.டி.' முறை. தவணை கிடையாது. 2009-ல் திறந்த விக்கிரவாண்டி டோல்கேட்டின் வசூலே வருமானம். வண்டி குறைந்தால் கையைக் கடிப்பது நிறுவனத்துக்கு.

ரசீது வாங்கும் லாரி டிரைவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவர் இரண்டு இடத்திலும் கட்டுகிறார். அவருக்கு முக்கியம் வேறு: இது என்று முடியும்?

வடக்குப் பகுதியின் ஒப்பந்தம் 2019-ல் முடிந்தது, டோல்கேட் முடியவில்லை. 2008-ம் வருட விதிகளில், தனியார் ஒப்பந்தக் காலம் முடிந்தால் கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று இருந்தது. 2023 அக்டோபரில் விதியைத் திருத்தி அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பராமரிப்புக்கும் புதுச் சாலைகளுக்கும் பணம் வேண்டும் என்பது அரசுத் தரப்பு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கடன் அடையும்வரை கட்டுவது வேறு, காலமெல்லாம் கட்டுவது வேறு. முதலாவது சாலைக்கு விலை, இரண்டாவது வரி.

வரி என்றால் அதை வரி என்றே சொல்லிவிடலாம். குலோத்துங்கன் காலத்தில் சுங்கத்துக்குச் சுங்கம் என்றுதான் பெயர்.