இடைக்கால ஊர்மக்களிடை ஐயுறவு

இடைக்கால ஐரோப்பாவைச் ‘சமயக் காலம்’ என வழங்குதல் மரபு. பதினாறாம் நூற்றாண்டிற்கூடக் கடவுள் மறுப்பு முழுமையாகத் தோன்றுதற்கு வேண்டிய சொற்களும் கருத்துக் கருவிகளும் இல்லை என்று லூசியன் பெவர் என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1942-இல் வாதிட்டார். கற்றோர் நூல்களை மட்டும் நோக்கின் இம்முடிபு பொருந்துவது போலவே தோன்றும். உழவரும் பெண்டிரும் பேசிய பேச்சை நோக்குங்கால் அவ்வாறு தோன்றவில்லை.

அத்தகைய பேச்சு நமக்குக் கிடைக்குமிடம் தென்பிரான்சின் பிரனீசு மலைச்சாரல். பாமியே நகரின் ஆயர் சாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய சமய விசாரணையின் பதிவேடு வாத்திக்கன் நூலகத்தில் உளது. இவ்வாயரே 1334-இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பெயருடன் போப்பாண்டவர் ஆனார். காதாரர் என்னும் புறச்சமயத்தாரைத் தேடி விரித்த வலையில், எச்சமயத்தையும் பொருட்படுத்தாத சிலரும் அகப்பட்டனர்.

ஓர்னொலாக் என்னும் சிற்றூரினளாகிய கியெமெத் பெனே, உயிர் என்பது குருதியே என்றாள். அவள் காட்டிய சான்று வாத்து! தலையை வெட்டிய பின்னும் குருதி ஒழுகித் தீருமளவும் அது உயிரோடிருத்தலை அவள் கண்டிருந்தாள். இறப்போர் வாயினின்று காற்றன்றி வேறொன்றும் வெளிப்படக் காணவில்லை என்பதும் அவள் கூற்று. அவ்வூரின் மணியக்காரனான கியோம் ஓஸ்தாத்சு, இறந்தோர் உயிர்கள் அனைத்தும் தங்குவதாயின் துறக்க வீடு துலூசு நகர் முதல் மெரான்சு கணவாய் வரை நீண்டிருத்தல் வேண்டுமே எனக் கணக்கிட்டான். தீஞ்ஞாக் ஊர் உழவன் ரெமோன் தெலேர், கண்ணாற் காணும் இவ்வுலகமன்றிக் கடவுள் வேறில்லை என்றான். அவனும் ஈகை செய்தவனே. கடவுட்பற்றினால் அன்று, அயலார் நன்மதிப்பைப் பெறுதற்பொருட்டு என்று அவனே ஒப்புக்கொண்டான்.

இவர்களை உலகாயதர் என்றல் மிகையாகும். இவர்க்கு நூலும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மற்றும், இவர்கள் தம் நாட்டு மொழியிற் கூறியவற்றை எழுத்தர் இலத்தீனில் எழுதினர். ஆணையும் அச்சமும் உடனிருந்தன. ஆதலின் ஒவ்வொரு சொல்லையும் அவரவர் வாய்மொழியாகவே கொள்ளுதல் இயலாது. ஆயினும் விசாரணையாளர் வினாக்கள் காதாரர் கொள்கையை நோக்கியே அமைந்தவை. காதாரரோ உயிர் உடலின் வேறு எனக் கொண்டவர். உயிரைக் குருதியாகக் காணும் இவ்விடை அவ்வினாக்களால் விளைந்ததாகாது. வாத்தறுத்த வீட்டு முற்றத்தில் விளைந்தது என்றே கொள்ளத்தகும்.