சாயங்காலம் வரைக்கும் நிற்கிற மணம்

என் மகளின் கைப்பையில் மூன்று சென்ட் பாட்டில்கள் இருக்கின்றன. காலையில் கிளம்பும்போது ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போன வாரம் அலுத்துக்கொண்டாள். "இவ்வளவு காசு குடுத்து வாங்கறது பதினோரு மணிக்கே போயிடுதுப்பா. நாள் பூரா நிக்கணும்னா என்ன பண்ணணும்?"

நானோ பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். என்னிடம் கேட்டால் வட்டி விகிதம்தான் சொல்லத் தெரியும் :-) ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான பதில், நான் சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்குப் போகிற ஊரில், கம்பி வேலிக்குப் பின்னால் மரமாக நின்றுகொண்டிருந்தது என்பது யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்துக்குள் இருக்கிற தமிழ் ஊர். பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது இடுக்கி மாவட்டத்து மறையூரில். இரண்டுமே கேரளம்தான், ஆனால் போவதற்குத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வரவேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அப்புறம் சின்னாறு செக்போஸ்ட், காடு, மறையூர். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்ப்பார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "சந்தனக்கட்டை" என்றாள்.

மறையூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்காலத்து முனியறைகள் அங்கே ஏராளம். நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற மூணாறில் குடை இல்லாமல் நடக்க முடியாது. மறையூரோ மலைக்குக் கிழக்குப் பக்கம், மழை மறைவுப் பிரதேசம். அதனால்தான் பாம்பாறு மேற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே திரும்பி அமராவதியில் சேர்கிறது. கேரளத்தில் இப்படிக் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று. மற்ற இரண்டும் கபினியும், எங்கள் மாவட்டத்து அட்டப்பாடி வழியாக ஓடும் பவானியும். சந்தனத்துக்கு இந்த மாதிரி வறண்ட, கல்லும் சரிவுமான இடம்தான் பிடிக்கும். கேரளத்தில் இயற்கையாக வளர்ந்த பெரிய சந்தனக்காடு மறையூரில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். சென்ட் ஏன் போய்விடுகிறது?

பாட்டிலில் இருப்பது ஒரே வாசனை இல்லை, ஒரு கூட்டுக் குடும்பம். அடித்தவுடன் ஜில்லென்று பறப்பது ஆல்கஹால். அடுத்து எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. அவற்றில் உள்ள லிமோனீன் 176 டிகிரியிலேயே கொதிக்கிற லேசான சரக்கு, அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. அதற்குப் பிறகு பூக்களின் வாசனை, சில மணி நேரம். கடைசி வரை நிற்பது அடியில் இருக்கிற கனமான பொருள். சந்தன எண்ணெயின் உயிர் சாண்டலால். அது கொதிக்கச் சுமார் 300 டிகிரி வேண்டும். நம் உடம்புச் சூட்டில் மெதுவாக, மிக மெதுவாகத்தான் அது கிளம்பும். தான் நிற்பதோடு, கூட இருக்கிற லேசான வாசனைகளையும் சீக்கிரம் ஓடவிடாமல் பிடித்து வைக்கும்.

இதை நம்மவர்கள் எந்த வேதியியலும் படிக்காமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்புத் தட்டை நினைத்துப் பாருங்கள். பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள். பன்னீர் வாசலைத் தாண்டி மண்டபத்துக்குள் போவதற்குள் காற்றோடு போய்விடும். சந்தனம் பந்தி முடிந்து வீடு திரும்பும்வரை கையில் இருக்கும். ஜவ்வாதும் புனுகும் செய்வது இதே வேலையைத்தான். அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காது மடலுக்குள் வைத்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சும்மா இல்லை. பஞ்சு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், காதின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக மணத்தை வெளியே விடும்.

வடக்கே உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் இதையே தொழிலாக ஆக்கினார்கள். செம்புக் கொப்பரையில் பூவும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புப் பாத்திரத்துக்கு இறக்குவார்கள். அந்த இரண்டாவது பாத்திரத்தில் முன்கூட்டியே இருப்பது சந்தன எண்ணெய். ரோஜாவோ மல்லிகையோ தாழம்பூவோ, எல்லாம் அதில்தான் போய் உட்கார வேண்டும். பூ வருகிற பணம், சந்தனம் அதைப் போட்டு வைக்கிற பெட்டி. (பாருங்கள், கடைசியில் வங்கிக்கே வந்துவிட்டேன்.)

சரி, அந்தப் பெட்டி ஏன் இன்று இவ்வளவு விலை? இதுதான் நான் எழுத வந்த கதை.

மைசூரில் திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். (நம் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற அரசமரம் இல்லை, அரசாங்க மரம்!) திப்பு போனார், ஆங்கிலேயர் வந்தார்கள், உடையார் வந்தார், சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. திருவிதாங்கூரிலும் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ விருட்சங்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், தண்ணீர் நீங்கள் ஊற்றியிருக்கலாம். ஆனால் மரம் ராஜாவுடையது.

அன்றைக்குக் கட்டை கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் எடுக்கும் வேலை பெரும்பாலும் ஜெர்மனியில். 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியதும் அந்தச் சந்தை அடைபட்டு, மைசூர் டிப்போக்களில் கட்டை தேங்கிப்போனது. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம் அது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரியின் முயற்சியில் 1916-ல் உள்ளூரிலேயே எண்ணெய் காய்ச்சத் தொடங்கினார்கள். நம் வீடுகளுக்கு மைசூர் சாண்டல் சோப்பு வந்ததும் அந்த வழியில்தான்.

இன்றும் கட்டைகளைத் தரம் பிரிக்கும் பெயர்களில் அந்தப் பழைய வியாபாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் தரத்துக்குப் பெயர் விலாயத் புத்தா, அதாவது சீமைச் சரக்கு. அடுத்தது சைனா புத்தா. அப்புறம் பஞ்சம், கோட்லா என்று போய் வேர், சிராய், மரத்தூள் வரை தனித்தனி வகை, தனித்தனி விலை. 'விலாயத் புத்தா' என்ற பெயரில் இந்துகோபன் எழுதிய மலையாள நாவல் மறையூர்க் கதைதான். பிருத்விராஜ் நடித்து 2025-ல் படமாகவும் வந்தது.

ராஜாவின் மரம் என்று சொன்னதால் மரம் பிழைத்ததா? அதற்கு எங்கள் பெரியப்பா வீட்டு வேலியில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். வேலியோரம் ஒரு சந்தனக் கன்று முளைத்திருந்தது. சந்தனப் பழத்தைத் தின்னும் பறவைகள் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும், அதுபாட்டுக்கு முளைக்கும். சந்தனம் தனியாகவும் வளராது. தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரோடு ஒட்டவைத்துச் சத்தை வாங்கிக்கொண்டுதான் வளரும். அந்தக் கன்றும் ஒரு துவரஞ்செடியை ஒட்டித்தான் நின்றது. நான் சந்தோஷமாக ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் வந்தார், பார்த்தார், ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டார்.

"ஏன் பெரியப்பா?"

"அது சர்க்கார் மரம் சாமி. வளந்துச்சுன்னா ராத்திரி எவனாச்சும் வெட்டிட்டுப் போவான். காலைல பதில் சொல்றது நானாக்கும். முளையிலயே போகட்டும்."

பெரியப்பா கெட்டவர் இல்லை. வாசல் வேம்பின் கிளையைக்கூட வெட்ட விடாதவர். ஆனால் அந்தக் கணக்கில் அவருக்கு வரவு பூஜ்யம், பொறுப்பு மட்டும் முழுசாக இருந்தது. எந்தக் குடியானவர் அப்படி ஒரு கணக்கைத் திறப்பார்? மைசூர், சேலம், கோயம்புத்தூர், மறையூர் என்று எத்தனை வேலியோரத்தில் எத்தனை கன்றுகள் இப்படிப் போயிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

நாட்டில் வளர வேண்டியது வளரவில்லை, காட்டில் இருந்ததைத் திருடர்கள் விடவில்லை. வீரப்பன் கதை எல்லோருக்கும் தெரியும், 2004 அக்டோபரில் முடிந்தது. போதாக்குறைக்கு, இலைகளைச் சிறுத்துப்போகச் செய்து மரத்தையே கொல்லும் ஸ்பைக் நோய். 1899-லேயே குடகில் கண்டறியப்பட்ட இந்த நோய் மறையூரையும் விடவில்லை. 1998-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மரத்தை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் விலை எங்கேயோ போனது. கன்னோசியிலேயே பலர் சந்தன எண்ணெயை விட்டுவிட்டு லிக்விட் பாரஃபினில் அத்தர் இறக்க ஆரம்பித்தார்கள். பெரிய சென்ட் கம்பெனிகள் சந்தனம் மாதிரி மணக்கும் ஜாவனால், எபனால் போன்ற செயற்கைப் பொருள்களுக்கு மாறின. அவையும் நன்றாக நிற்கின்றன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் உரசிய சந்தனத்தை முகர்ந்து வளர்ந்த மூக்குக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, நிலம் யாருடையதோ மரமும் அவருடையது என்றன. 1792-லிருந்து எண்ணினால் இருநூறு வருஷத்துக்கு மேல்! விற்பதற்கு இன்னும் வனத்துறையிடம்தான் போகவேண்டும். ஆனாலும் கன்றைப் பிடுங்கிப் போட வேண்டிய கட்டாயம் போயிற்று. சந்தனம் வைரம் பாய்ந்து தேற முப்பது வருஷமாவது ஆகவேண்டும். அன்றைக்கு நட்டவர்களுக்கு இன்னும் காத்திருப்புக் காலம்தான்.

இதற்கு நடுவில் மறையூர் எப்படித் தப்பித்தது? வேலி, காவல் கோபுரம், ராத்திரி ரோந்து எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. அங்கே பச்சை மரத்தை வெட்டுவதில்லை. தானாகக் காய்ந்தது, காற்றில் விழுந்தது, யானையும் காட்டெருமையும் சாய்த்தது, திருடர்களிடம் பிடிபட்டது, இவை மட்டுமே டிப்போவுக்கு வருகின்றன. பட்டையும் வெள்ளைக்கட்டையும் செதுக்கி, தரம் பிரித்து, ஆன்லைனில் ஏலம் விடுகிறார்கள். குருவாயூர் போன்ற கோயில்கள் வாங்கும், சோப்புக் கம்பெனிகள் வாங்கும். நம் பக்கம் விபூதி கொடுக்கிற மாதிரி, மலையாளக் கோயில்களில் இலைத் துண்டில் வைத்துக் கொடுக்கும் சந்தனம் ஞாபகம் இருக்கிறதா? அதில் மறையூர்க் கட்டைக்கும் பங்கு உண்டு.

வங்கி பாஷையில் சொன்னால், மறையூர் வட்டியில் வாழ்கிறது, அசலைத் தொடுவதில்லை. மற்ற இடங்களில் அசலையே எடுத்துச் செலவழித்துவிட்டோம்.

நான் இப்போது இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு சந்தனக் கதை உண்டு. 1845-லேயே இங்கிருந்து உள்நாட்டுச் சந்தனம் ஆசியாவுக்குக் கப்பலேறியது. அது நம் மரத்தின் பங்காளி, மணம் கொஞ்சம் குறைவு. நம் ஊர் ஜாதிச் சந்தனத்தையே இப்போது வடக்கே குனுனுராவில் ஆர்ட் ஆற்றுப் பாசனத்தில் ஏக்கர் ஏக்கராக வளர்க்கிறார்கள். பெர்த்திலிருந்து 3000 கிலோமீட்டருக்கு மேல், நான் போனதில்லை. அங்கே பெரிய அளவில் இறங்கிய ஒரு நிறுவனம் 2018-ல் கடனில் தடுமாறி நிர்வாகிகள் கைக்குப் போனது. மரத்தின் அவகாசம் வேறு, கடனின் அவகாசம் வேறு. இதை ஒரு வங்கிக்காரன் சொன்னால் நம்பலாம்.

மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். வறண்ட தோலில் சென்ட் நிற்காது, குளித்ததும் கொஞ்சம் எண்ணெயோ கிரீமோ தடவிவிட்டு அடி. மணிக்கட்டில் அடித்துவிட்டு இரண்டு கையையும் தேய்க்காதே. காரில் வெயிலில் பாட்டிலை வைக்காதே. மதியத்துக்கு மறுபடி பாட்டிலைத் திறப்பதற்குப் பதில், காலையிலேயே ஒரு துண்டுப் பஞ்சில் தொட்டுச் சின்ன டப்பாவில் வைத்துக்கொள், அது போதும். முக்கியமாக, முதலில் ஒரு பொட்டு சந்தன எண்ணெய், அதன் மேல் உன் சென்ட்.

ஊரிலிருந்து கொண்டு வந்த சின்னக் குப்பி ஒன்று பீரோவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தவள் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் போட்டிருந்த பூ வாசனை லேசாக இன்னும் இருந்தது. அதற்கு அடியில் மறையூர்.

"நிக்குதுப்பா" என்றாள்.

பெரியப்பா இன்று இல்லை. அன்றைக்கு அவர் பிடுங்கிய கன்று நின்றிருந்தால் இப்போது முப்பது வயதைத் தாண்டி, நன்றாக வைரம் பாய்ந்திருக்கும்.