மீன் சேராத பியர் பிறந்த கதை

மட்டக்களப்பு வாவியில் பட்ட கொடுவாவை வெட்டிக் குடலை எடுத்தபின் பார்த்தால், முள்ளந்தண்டை ஒட்டி வெள்ளையாக ஒரு காற்றுப்பை இருக்கும். மீன் மேலெழவும் தாழவும் உதவுவது அதுதான். பாம்பன் பக்கம் அதை நெட்டி என்பார்கள். கூறல் மீனின் நெட்டிக்கு அங்கே நல்ல விலை. மீனின் இந்தப் பைக்கும் பியருக்கும் உள்ள பழைய உறவு, பியர் குடிப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

நொதித்து முடிந்த பியரில் ஈஸ்ட் கலங்கலாக மிதக்கும். தானாக அடியில் படிய நாளாகும். காயவைத்த காற்றுப்பையை அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் வேலை சுருக்காக முடியும். அதிலுள்ள கொலாஜன் நேர்மின்னேற்றம் உடையது, ஈஸ்ட் எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒட்டித் திரண்டு கீழே இறங்க, மேலே தெளிந்த பியர் நிற்கும். முதலில் இதற்கு ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டர்ஜன் மீனின் பையைத்தான் வாங்கினார்கள். 1795இல் வில்லியம் மேர்டொக் என்பவர் மலிவான கொட் மீனிலிருந்து அதே பொருளைச் செய்து காட்டினார். அந்த உரிமைக்கு லண்டன் பியர் உற்பத்தியாளர்கள் கொடுத்தது 2,000 பவுண்.

எங்கள் தவறணைக் கள்ளுக்கு இது தேவைப்படவேயில்லை. இறக்கிய அன்றே விற்றுப்போகிற கள்ளு கலங்கலாக இருப்பதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

விலங்குப் பொருள் எதையும் தொடாத வீகன்கள் பெருகியபோதுதான், இந்தப் பியரில் மீன் சேர்ந்ததா என்ற கேள்வி எழுந்தது. போத்தலின் லேபிளில் பதில் இல்லை. தெளியவைக்கும் மீன்பொருளை ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விலக்கே அளித்திருந்தது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதித்தான் கேட்கவேண்டும். கேட்டார்கள். கிடைத்த பதில்களை பார்னிவோர் என்ற பட்டியலில் சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் மச்சம் சேர்க்காத வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் சொல்லாமலே விளங்கும். மறுமொழி எழுதுகிற ஊழியரின் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவருடைய விரதம் அந்த ஊழியரின் நேர்மையில் தங்கியிருக்கிறது.

1759இல் டப்ளினில் தொடங்கிய கின்னஸ், நெடுங்காலம் மீன்பையைக் கைவிடவில்லை. வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்க, 2015 நவம்பரில் புதிய வடிகட்டும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. பீப்பாயில் வரும் பியர் முதலில் மாறியது, போத்தலும் டின்னும் பிறகுதான். மற்ற ஆலைகளில் சில, கொதிக்கும்போது கடற்பாசி சேர்க்கின்றன. சில, குளிரில் வைத்துப் பொறுமையாகப் படியவிடுகின்றன.

எனவே, “எங்கள் பியர் வீகன்தான்” என்ற ஒற்றை வரிப் பதில் போதாது. பீப்பாயா, போத்தலா என்று பிரித்துச் சொல்லவேண்டும். பால் சர்க்கரை சேர்த்த ஸ்டவுட்டை எங்கள் சைவ வீடுகள் குறை சொல்லாது. வீகனுக்கோ அது ஆகாது. அதையும் கேட்காமலே எழுதி அனுப்புகிற நிறுவனமே நல்ல நிறுவனம்.