ஜோரும் ஜோடும்: தாலீம் வரலாற்றில் இரண்டாம் ஆள்

தேஹு ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையில் இரு வகையினரைக் காணலாம். காதில் இயர்போனுடன் தனியே ஓடுவோர் ஒரு வகை. படைத்துறைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள், இருவர் மூவராகச் சேர்ந்து ஓடுவோர், மற்றொரு வகை. தனியே பயில்வது நன்றா, துணையோடு பயில்வது நன்றா என்ற வினா இன்று பெரும்பாலும் ஊக்கம் பற்றிய வினாவாகவே கேட்கப்படுகிறது. எவ்வழியில் சோம்பல் குறையும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மராட்டிய நாட்டு மல்லர் கூடங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின், அவ்வினாவுக்கு அடியில் வேறு இரண்டு வினாக்கள் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என் வலிமையை அளப்பவர் யார்? அவரைத் தொட எனக்கு உரிமை உண்டா?

மொழியியல் பயின்ற பழக்கத்தால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். மராத்தியில் மல்லர் கூடத்துக்குத் 'தாலீம்' என்று பெயர். அரபு மொழியில் இச்சொல்லுக்குக் கற்பித்தல் என்பது பொருள். ஆகவே இடத்தின் பெயரிலேயே இரண்டாம் ஆள் ஒருவர் இருக்கிறார். தாலீமில் தனியே எடுக்கும் தண்டாலை 'ஜோர்' என்பர். வலிமை என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் அது; ஈரானின் மரபுவழிப் பயிற்சிக்கூடமான 'ஜூர்கானே'யிலும் அதே வேரைக் காணலாம். வட இந்திய அகாடாக்களிலோ 'ஜோர்' என்றால் எதிராளியோடு பொருதிப் பயில்வது. ஒரே ஒலியுடைய சொல் ஓரிடத்தில் தனிப்பயிற்சியையும் மற்றோரிடத்தில் இணைப்பயிற்சியையும் குறிக்கிறது. மராத்தியில் எதிராளியைச் சுட்ட 'ஜோட்' என்ற வேறு சொல் உண்டு. நம் 'ஜோடி'க்கு உறவான சொல். மற்போரில் எதிரியே இணை.

தமிழுக்கும் இக்கருத்து புதிதன்று. தண்டால், குஸ்தி, பயில்வான் ஆகியவை வெளியிலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆனால் 'பொரு' என்னும் நம் வினை போரிடுதலையும் ஒத்திருத்தலையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியத்தின் உவம உருபுப் பட்டியலில் 'பொருவ' இடம்பெறுகிறது. 'உறழ', 'வெல்ல' ஆகியனவும் உடன் நிற்கின்றன. நிகரானவரோடு மோதும்போதுதான் நிகர் இன்னதென்று தெரியும் என்ற எண்ணம் இலக்கணத்திலேயே படிந்திருக்கிறது. ஆமூர் மல்லனோடு போர்வைக்கோப் பெருநற்கிள்ளி பொருத காட்சியைப் புறநானூற்றின் 80ஆம் பாடல் காட்டுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

தனிப்பயிற்சி நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று கூறவும் இயலாது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (ஆட்சி 1126–1138) பெயரால் வழங்கும் 'மானசோல்லாசம்' மல்லருக்குரிய பயிற்சிகளைத் தொகுத்துரைக்கிறது: பாரம் தூக்கல், நடத்தல், நீந்தல், கைவலிப் பயிற்சி, தூணைப் பற்றிச் செய்யும் பயிற்சி. இவற்றுட் பல தனியே செய்யத்தக்கவை. ஆயினும் அவை அனைத்தும் ஒரு நாள் ஒருவனை எதிர்கொள்வதற்கான ஆயத்தங்களே. தனிமை அங்கே இடைநிலை, முடிவிடம் அன்று.

அந்தத் தூண் பயிற்சியின் பிற்கால வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் மீட்டவராகப் போற்றப்படுபவர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தவரான பாலம்பட்ட தாதா தேவதர். ஹைதராபாத் நிஜாமின் பக்கத்திலிருந்து வந்த அலி, குலாப் என்னும் இரு மல்லர் அறைகூவ, பேஷ்வாவின் அவையில் எவரும் முன்வரவில்லையாம். பாலம்பட்டர் தவணை கேட்டுச் சப்தசிருங்கி மலைக்குச் சென்று வழிபட்டார். கனவில் ஒரு குரங்கு மரக்கம்பத்தில் பிடிகளைக் காட்டிற்று. திரும்பி வந்து வென்றார் என்பது மரபுக் கதை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அது எதைச் சிக்கலாகக் கருதுகிறது என்பதே எனக்கு முக்கியம். அலிக்கு நிகரான ஜோட் ஊரில் இல்லை. ஆகவே மரம் ஜோட் ஆயிற்று. மல்லகம்பின் மேற்பகுதியை இன்றும் 'மான்', அதாவது கழுத்து, என்றே சொல்கிறார்கள். கழுத்துள்ள மரத்தோடு பயில்பவரைத் தனியே பயில்பவர் என்பதா? நான் தயங்குவேன்.

உண்மையான முறிவு அச்சோடும் அஞ்சலோடும் வந்தது. 1897இல் நூல் எழுதி, கைக்கருவிகளோடு வீட்டுப் பயிற்சியை உலகெங்கும் விற்ற யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவருக்கு முன்பே அவர் கருவிகள் இங்கு வந்துவிட்டன. அவுந்த் சமஸ்தானத்தின் பவான்ராவ் பந்த் பிரதிநிதி (புனேயின் அவுந்த் அன்று, சாதாரா பக்கத்தது) ஏறத்தாழப் பத்தாண்டுகள் சாண்டோ முறையைப் பின்பற்றிய பின்னரே சூரிய நமஸ்காரத்துக்குத் திரும்பினார். 1938இல் லண்டனில் ஆங்கில நூலாகவும் அது வெளிவந்தது. பெங்களூருவில் கே. வி. ஐயர் அஞ்சல்வழியே உடற்பயிற்சி கற்பித்தார். இங்கே அளப்பவர் மாறிவிட்டார்: எதிராளியின் இடத்தில் நிலைக்கண்ணாடி, அளவுநாடா, எண்ணிக்கை. அவுந்தின் பள்ளிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று நமஸ்காரம் செய்தனர். ஒன்றாகச் செய்தனர், ஒருவரோடொருவர் அன்று.

இவ்வளவும் எழுதியபின், இழப்பின் வரலாறாக இதை முடித்துவிடுவது எளிது. முதல் வரைவில் நானும் அப்படித்தான் முடித்திருந்தேன். களப்பணிக்காக ஒரு தாலீமுக்குச் சென்ற நாளில் அந்த வரைவைக் கைவிட்டேன். வஸ்தாத் மிகுந்த மரியாதையோடு, "தாயீ, மண்ணுக்கு வெளியே நில்லுங்கள்" என்றார். மராத்தியில் தாயீ என்றால் அக்கா. பெண் மண்ணில் இறங்குவது வழக்கமில்லை. உள்ளே இரு சிறுவரை அவர் இணை சேர்த்துக்கொண்டிருந்தார். சற்றே வலியவனைச் சற்றே எளியவனோடு. 1920களில் பெர்லின் படகோட்டிகளிடம் ஓட்டோ கோலர் நடத்திய சோதனை நினைவுக்கு வந்தது. இருவர் சேர்ந்து எடை தாங்கும்போது எளியவர் தம் தனி எல்லையைக் கடந்து முயல்வார். இருவரின் வேறுபாடு மிதமாக இருக்கையில்தான் அந்த ஆதாயம் மிகுதி. கோலர் எடைபோட்டுக் கண்டதை வஸ்தாத் கண்பார்வையால் செய்கிறார். ஆனால் அந்த ஆதாயம் மண்ணுக்குள் அனுமதி பெற்றவர்க்கு மட்டுமே உரியது.

இணைப்பயிற்சி என்பது தொடுதல். களத்து மண்ணில் சாதி இல்லை என்பது மல்லர் மரபு பெருமையோடு சொல்வது. கோலாப்பூரில் 1912இல் காஸ்பாக் மற்களத்தை எழுப்பிய சாகு மகராஜ், 1902இல் அரசுப் பணிகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கியவர். அவரிடம் இவ்விரண்டும் ஒரே மனத்தின் செயல்கள் என்று நம்ப விரும்புகிறேன். ஆனாலும் தொடக்கூடாதவர் என ஊரே ஒதுக்கியவருக்கு ஜோட் எங்கிருந்து கிடைத்திருக்கும்? 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய விகாரை இதே தேஹு ரோட்டில்தான் இருக்கிறது. தாலீமுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்தே செல்கிறேன்.

பவான்ராவ் தம் முறையைப் பெண்களுக்கும் பரிந்துரைத்தார். அவர் அரசியும் அதைச் செய்தார். வீட்டுக்குள், எவரையும் தொடாமல், எவர் அனுமதியும் இன்றிச் செய்யக்கூடிய பயிற்சி. மண்ணுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு அது ஒரு வாயில். ஆகவே, தனிப்பயிற்சியை நகரத்துத் தனிமையின் நோயாக மட்டுமே காணும் எழுத்துகளோடு என்னால் உடன்பட இயலவில்லை.

விடியற்காலையில் தனியே ஓடுவோருள் நானும் ஒருத்தி. இயர்போன் மட்டும் அணிவதில்லை. பின்னால் வண்டி வரும் ஓசை கேட்க வேண்டும்.