செத்தல் மிளகாய் வந்த வழி

நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமில் பனி கொட்டும் மாலை. அம்மம்மா பேரனைக் கிழக்குப் பார்க்க இருத்துகிறார். கைப்பிடிக்குள் மூன்று செத்தல் மிளகாய், கல்லுப்பு, கொஞ்சம் கடுகு. தலையை மூன்று தரம் சுற்றுகிறார். "துப்பு அப்பு, மூன்று தரம் துப்பு" என்கிறார். நாவூறு, அதாவது கண்ணேறு, கழிகிறது.

அந்தப் பிடிக்குள் மூத்தது கடுகுதான். புறநானூற்றின் 281ஆம் பாடலிலேயே, புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க ஐயவி என்ற வெண்கடுகைத் தூவுகிறார்கள். மிளகாய் பிந்தி வந்தது. மெக்சிக்கோப் பக்கம் விளைந்த அதைக் கொலம்பசின் கப்பல்கள் 1490களில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோயின. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக நம் கரைகளுக்கு வந்தது. மிளகுபோல் உறைத்ததால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். சமையலில் சேர்ந்தது, சடங்கிலும் சேர்ந்தது.

அடுத்த பயணம் நோர்வேக்கு. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அன்ரனி ராஜேந்திரம் என்பவர் இங்கு வந்தார். பிறகு படிப்புக்கும் வேலைக்கும் பலர் வந்தார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் அடைக்கலம் தேடி இன்னும் பலர். அவர்களின் பெட்டிகளில் சரக்குத்தூளோடு செத்தலும் வந்தது.

இங்கு சடங்கு இன்னொரு மாற்றம் கண்டது. ஊரில் சுற்றிய மிளகாயை விறகடுப்பில் போடுவோம். கமறல் மூக்கில் ஏறினால் நல்லது. ஏறாவிட்டால் நாவூறு பெரிது என்பார்கள். இங்கு அடுப்பு மின்சாரம், சன்னல்கள் இறுக்கம், கூரையில் புகை கண்டால் அலறும் கருவி. அதனால் அம்மம்மா இப்போது எரிப்பதில்லை. கடதாசியில் சுற்றி வெளியே போட்டுவிட்டு வந்து, பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு பற்றிய பயம் நமக்கு மட்டுமானதல்ல. நோர்வேயின் பண்ணைவீடுகளில் நத்தார் இரவில், தொழுவத்தைக் காக்கும் நிஸ்ஸ என்ற குட்டி மனிதனுக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி வைத்தார்கள். அயர்லாந்தில் மே முதல் நாள் வீட்டு நெருப்பையும் பாலையும் அயலாருக்குக் கொடுத்ததில்லை. கொடுத்தால் அந்த ஆண்டின் வெண்ணெய் போய்விடும் என்று நம்பினார்கள். விளக்கு வைத்தபின் உப்புக் கொடுக்க மறுக்கும் அம்மம்மாவுக்கு அவர்களின் மனம் புரியும். கன்றும் பிள்ளையும் திடீரென்று நோயில் விழ, காரணம் சொல்ல ஆளில்லாத காலத்தில் பிறந்த காவல்கள் இவை.

மிளகாய் காய்ச்சலைத் தீர்க்காது. பிள்ளைக்குச் சுட்டால் முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீடு திரும்பியதும் அம்மம்மாவின் முன்னால் இருத்துங்கள். அந்தக் கையும் பிள்ளைக்கு வேண்டும்.