திருவிருந்துக்கு முன் நாம் எதைச் சோதிக்கிறோம்?

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் மாலை ஆயத்த ஆராதனைக்குப் போய் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அங்கே வாசிக்கப்படும் பகுதி நமக்கு மனப்பாடம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 11ஆம் அதிகாரம். அப்பத்தைப் புசிக்குமுன் ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. நாமும் தலைகுனிந்து சோதிப்போம்: கோபம், பொய், குடி, வேதம் வாசிக்காமல் விட்ட நாட்கள். அந்தப் பட்டியலில் சாதி வந்து நாம் கேட்டதில்லை. அதே சபையில் பேசி முடித்த கல்யாணங்களில் முதல் கேள்வி அதுவாகவே இருந்திருக்கும்.

ஏழெட்டு வசனங்கள் முன்னாலிருந்து வாசித்தால் காட்சி மாறிவிடும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் கோபப்பட்ட பிறகுதான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். பந்தியில் நடந்த அவமானத்தைப் பற்றிய பேச்சு அது. நம் சபைகள் பந்தியை விட்டுவிட்டு மனசை மட்டும் பிடித்துக்கொண்டன.

சென்னையில் ஒருமுறை இந்தச் சோதனை உண்மையிலேயே பந்திக்கு வந்தது.

மயிலாப்பூரிலிருந்து கதீட்ரல் சாலை வழியாகப் போனால் புனித ஜார்ஜ் பேராலயம். உள்ளே ஆயர் ஹீபரின் பளிங்குச் சிலை இருக்கிறது. அவர் 1826இல் தமிழகம் வந்தபோது, சாதி என்பது ஐரோப்பாவின் சமூக அந்தஸ்து போன்ற ஒன்றுதான் என்று இளக்கமாகப் பார்த்தார். அந்த ஏப்ரலிலேயே திருச்சியில் இறந்துபோனார். அக்காலத் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் முதலில் யார் போவது என்பதும் சாதிப்படிதான்.

ஹீபருக்குப் பின் வந்த கல்கத்தா ஆயர்களில் ஒருவர் டேனியல் வில்சன். சென்னைக்குத் தனி ஆயர் வரும் முன் நம் சபைகளும் அவருக்குக் கீழேதான் இருந்தன. சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும் என்று 1833 ஜூலையில் அவர் கடிதம் அனுப்பினார். அது வாசிக்கப்பட்டதும் வேப்பேரி சபையிலிருந்து சாதியை விட மனமில்லாதவர்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள். தஞ்சையிலும் அதுவே நடந்தது. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார், மிஷனரிகள் சாதியில் கைவைப்பதை எதிர்த்து எழுதியவர். அதையும் தெரிந்துகொண்டே பாடுவோம்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது. பறையர் சமைத்த உணவைச் சாப்பிட்டுச் சாதியை உடைத்துக் காட்டியவருக்குத்தான் ஞானஸ்நானம் என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதியை விடாத வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

நம் பாட்டிமார் சமைத்த சோறு விசுவாசத்துக்கு உரைகல்லானது! இதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் இன்னொருவரின் விசுவாசத்தைச் சோதிக்கும் அளவுக்கு அந்தச் சோறு தீட்டாக இருந்தது என்பதும் அதே தீர்மானத்துக்குள் இருக்கிறது. சமைத்தவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சோதித்தவர்களும் யோக்கியர்கள் அல்லர். புனித ஜார்ஜ் ஆலயமே ஐரோப்பியர் வழிபடக் கட்டப்பட்டதுதான். தங்கள் நிறத்தைச் சோதிக்க அவர்கள் எந்தப் பந்தியும் வைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் தோண்டுகிறோம்? 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது இதே பேராலயத்தில்தான். மூன்றாண்டு கழித்து, 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். கிறித்தவத்தில் சாதி இல்லையே என்பது நமக்குச் சொல்லப்படும் பதில்.

மதத்தில் இல்லை, சரி. சபையில் இருந்தது என்பதற்கு ஆயரின் கடிதமும் மிஷனரிகளின் தீர்மானமும் சாட்சி. திருச்சபை தன் கையால் எழுதிக்கொடுத்த பாவ அறிக்கை அது. நம் சபைப் பெரியவர்கள் சிலர் இதைப் பேசினால் கிறித்துவின் பெயருக்கு இழுக்கு என்கிறார்கள். 1833இல் எழுத முடிந்ததை ஒரு சனிக்கிழமை மாலை வாய்விட்டுச் சொல்ல என்ன தடை என்று அவர்களிடம் மரியாதையாகக் கேட்போம்.

ஆயத்த ஆராதனையில் பெரும்பாலும் 28ஆம் வசனத்தை ஒட்டியே வாசிப்பை முடித்துவிடுகிறார்கள். 33ஆம் வசனம், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறது. அடுத்த முறை 20இல் தொடங்கி அதுவரை வாசிக்கும்படி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.