போர் முடியும் நாள் எது? – திண்டுக்கல் சீமை கண்ட மூன்று உடன்படிக்கைகள்

நிலக்கோட்டையிலிருந்து வடக்கு நோக்கித் திண்டுக்கல்லுக்குச் செல்வோர், ஊரை நெருங்கும்பொழுது சமவெளியில் தனித்தெழுந்து நிற்கும் பாறையையும் அதன்மேல் அமைந்த கோட்டையையும் காண்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பாறையைக் கைக்கொண்டவரே இச்சமவெளியின் வரியையும் கைக்கொண்டனர். சுப்பிரதீபக் கவிராயர் பாடிய 'கூளப்ப நாயக்கன் காதல்' என்னும் நூலின் தலைவர் ஆண்ட நிலக்கோட்டைப் பாளையமும் அவ்வாறே அப்பாறையின் நிழலில் வாழ்ந்தது. இன்று மல்லிகை பூக்கும் இந்நிலத்தில் அன்று படைகள் வந்தன, சென்றன, மீண்டும் வந்தன. படையெடுப்புப் போர் ஒன்று எப்பொழுது முடிகிறது, எவ்வாறு முடிகிறது என்னும் வினாவுக்கு நம் சொந்த மண்ணின் வரலாறே விடை பகரக்கூடும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1755-இல் ஐதர் அலி மைசூர் அரசின் பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். பாளையக்காரர்களை அடக்கி வரி தண்டுவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவருடைய பேராற்றல் வளர்ந்தது இங்கேதான். பின்னர் ஆங்கிலக் கும்பினியோடு போர் மூண்டபொழுது, 1767-இல் கோட்டை கும்பினியார் வசமாயிற்று. 1768-இல் ஐதர் அதனை மீட்டார். 1783-இல் கும்பினியார் மறுபடியும் பிடித்தனர். 1784-இல் திருப்பிக் கொடுத்தனர். 1790-இல் மூன்றாம் முறையாகப் பிடித்தனர். இருபத்துமூன்று ஆண்டுகளில் ஒரே கோட்டை ஐந்து முறை கைமாறியது. இவர்களுள் படையெடுத்தவர் யார், காத்தவர் யார் என்று நிலக்கோட்டை உழவனைக் கேட்டிருந்தால் அவன் என்ன விடை கூறியிருப்பான்? கொடி மாறியது, கதிர் அறுக்க வந்த கை மட்டும் எப்பொழுதும் அயலாருடையதாகவே இருந்தது.

இக்காலத்தில் மூன்று உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. அவை ஒவ்வொன்றும் போரை முடித்ததாகவே அறிவிக்கப்பட்டது.

முதலாவது, 1769-இல் சென்னையில் செய்யப்பட்டது. ஐதரின் குதிரைப்படை சென்னையின் வாயிலுக்கே வந்துவிட்டபடியால் கும்பினியார் அச்சத்தில் இணங்கினர். பிடித்த இடங்களை இரு திறத்தாரும் திருப்பித் தருவது என்றும், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணை நிற்பது என்றும் வாக்களித்தனர். அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மீது பாய்ந்தனர். கும்பினியார் துணைக்குச் செல்லவில்லை. காப்பாற்றப்படாத அந்த வாக்கை ஐதர் மறக்கவேயில்லை. அச்சத்தில் பிறந்த சமாதானம் அச்சம் நீங்கியதும் மறைந்துபோயிற்று.

1779-இல் கும்பினியார் மாகியைக் கைப்பற்றியது ஐதரின் சினத்தை மேலும் மூட்டியது. 1780-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் ஏறத்தாழ 80,000 முதல் 90,000 வரை எனக் கணக்கிடப்படும் படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் தொடர்ந்தது. 1782 டிசம்பரில் ஐதர் இறந்தார். ஆயினும் போர் நிற்கவில்லை, அவர் மகன் திப்பு அதனைத் தொடர்ந்தார். இறுதியில் அதனை நிறுத்தியது எது? ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் இணங்கிய செய்தி 1783-இல் இங்கு எட்டியதும், திப்புவுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. கும்பினியின் கருவூலமோ வறண்டு கிடந்தது. இரு திறத்தாரும் களைத்த பின்னரே, 1784 மார்ச்சு 11-இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்தவை யாவும் திருப்பித் தரப்பட்டன. திண்டுக்கல்லும் அவற்றுள் ஒன்று. போருக்குக் காரணமான பகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறே ஆண்டுகளில் அடுத்த போர் வந்தது.

மூன்றாவது, 1792-இல் சீரங்கப்பட்டணத்தில் செய்யப்பட்டது. இம்முறை வென்றவர் தம் விருப்பப்படியே விதித்தனர். திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் கொடுக்க ஒப்பினார். தம் இளம் புதல்வர் இருவரைப் பிணையாக ஒப்படைத்தார். திண்டுக்கல் நிலையாகக் கும்பினிக்குச் சேர்ந்தது. ஆனால் இழிவுபடுத்தப்பட்டவர் அமைதி கொள்வாரோ? ஏழாண்டுகள் கழித்து, 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபொழுதுதான் அப்பகை அடங்கியது. நம் சமவெளியிலோ அப்பொழுதும் அடங்கவில்லை. கும்பினியின் வரிக் கெடுபிடியை எதிர்த்துப் பாளையக்காரர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் முதன்மையானவராகிய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். 1792-இல் முடிந்ததாகச் சொல்லப்பட்ட போர் இங்கே தூக்குமரத்தடியில் வந்து நின்றது.

இம்மூன்று உடன்படிக்கைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. திண்டுக்கல் சீமையை வாங்கியும் கொடுத்தும் கணக்குப் பார்த்தவர்கள், அச்சீமையில் உழுதவர்களை ஒரு சொல்லும் கேட்கவில்லை. நிலம் கைமாறியது; நிலத்தில் வாழ்ந்தவர் நிலத்தோடு சேர்ந்த பொருளாகவே எண்ணப்பட்டனர்.

இவ்விடத்தில் தமிழகத் திருச்சபை நன்கறிந்த ஒருவரை நினைவுகூர்கிறோம். சுவார்ட்சு ஐயர் 1779-இல் சென்னை ஆளுநரின் வேண்டுகோளுக்கிணங்கச் சீரங்கப்பட்டணம் சென்று ஐதரைக் கண்டார். சமாதானத்திற்காகவே சென்றார், எனினும் அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1783-இல் திப்புவிடம் தூது செல்லப் புறப்பட்டபொழுது சத்தியமங்கலத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பினார். அவர் கும்பினியின் படைக்குக் குருவாகவும் பணியாற்றியவர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. நேர்மையான தூதர் ஒருவரை அனுப்பிவிட்டு நேர்மையற்ற கொள்கையைத் தொடர்ந்தால் அத்தூது பயன் தராது என்பதே அந்தப் பயணங்கள் கற்பிக்கும் பாடம்.

ஆனால் அவர் வாழ்வில் வேறொரு நிகழ்ச்சி உண்டு. போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். வெளியே நெல் இருந்தது. அதனைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு பலமுறை கூலியும் விலையும் பெறாமல் ஏமாந்த நாட்டுப்புறத்தார் அரசரையும் நம்பவில்லை, கும்பினியையும் நம்பவில்லை. விலை கொடுக்கப்படும் என்று சுவார்ட்சு ஐயர் உறுதி கூறிய பின்னரே மாடுகளும் நெல்லும் வந்தன. அவரும் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்தார். போரை அடுத்த ஆண்டுகளில் அதிகாரிகளின் கொடுமையால் தஞ்சை உழவர் பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். அவர் அளித்த வாக்கை நம்பி ஏறத்தாழ ஏழாயிரம் பேர் திரும்பி வந்து ஏர் பூட்டினர்.

இரண்டு முறை அரசர்களிடம் தூதராகச் சென்று அவர் பெறாத சமாதானத்தை, உழவரிடம் சொன்ன சொல்லைக் காத்ததனால் ஓரளவேனும் பெற்றார். அத்தகைய வாக்கைத் தந்து காப்பாற்றுவார் திண்டுக்கல் சீமைக்குக் கிடைக்கவில்லை. ஆகவேதான் இங்கே உடன்படிக்கைக்குப் பின் விதைப்பு அன்று, கிளர்ச்சியே வந்தது எனலாம்.

இக்காலத்திலும் படையெடுப்புகள் ஓயவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது தொடங்கிய படையெடுப்பு கோடிக்கணக்கானோரை வீட்டைவிட்டுத் துரத்தியதை உலகம் கண்டது. இத்தகைய போர்கள் முடிய வேண்டும் என்று நம் சபைகளில் மன்றாடுகிறோம், அது தகுந்ததே. ஆனால் எதற்காக மன்றாடுகிறோம் என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். களைப்பினாலும் காசில்லாமையாலும் பீரங்கிகள் ஓயக்கூடும். 1784-இல் அவ்வாறே ஓய்ந்தன. தோற்றவரை இழிவுபடுத்தியும் ஓயச் செய்யலாம். 1792-இல் அவ்வாறே செய்தனர். எரேமியா தீர்க்கதரிசி கண்டித்த மேற்பூச்சான சமாதானம் இவ்விரண்டிலும் உண்டு. கையெழுத்து இடப்படும் நாளைப் போர் முடிந்த நாள் என்று அரசுகள் குறித்துக்கொள்ளட்டும். ஓடிப்போன குடியானவன் தன் ஊருக்குத் திரும்பி, தனக்குக் கூறப்பட்ட சொல்லை நம்பி, விளைவது தனக்கே என்னும் துணிவோடு விதைக்கும் நாளையே நாம் குறித்துக்கொள்வோம். அந்நாள் வரும்வரை சமாதானப் பணி முடிந்தது என்று திருச்சபை ஓய்ந்திருத்தல் ஆகாது.